முப்பது போக பதினொன்று

பிரிக்பீல்ட்ஸ்
4 மார்ச் 2025

குமுதா அவர்களுக்கு,

2025 மார்ச் 1, சனிக்கிழமை, காலை 10.20. முப்பது மிட்டாய். இந்த மூன்றையும் முதலிலேயே எழுதிவைக்கிறேன். பிறகு நீங்கள் நேரத்தை மாற்றிச் சொல்ல வேண்டாம், எண்ணிக்கையையும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

அன்றைய வேலை ஒரு குழந்தைக்கும் புரியும். ஜாடியில் வெள்ளைப் புதினா மிட்டாய். அதிலிருந்து முப்பது எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாக மின்தராசில் வைத்து எடையை எழுத வேண்டும். சராசரி காண வேண்டும். பிறகு திட்ட விலக்கம். ஐந்தாம் படிவத்தில் மலாயில் சிசிஹான் பியாவாய் என்று படித்திருப்பீர்கள். எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு, அவ்வளவுதான்.

இரசாயனம் படிக்க வந்த பெரியவர்களை மிட்டாய் நிறுக்க வைப்பது என் யோசனை அல்ல. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பாடம். வேலைக்குப் போய்க்கொண்டே சனிக்கிழமை படிக்க வருகிறவர்களைப் பாலர் பள்ளிக்கு அனுப்பும் பாடம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஒரு பயன் தெரிகிறது. யார் நிறுத்தார்கள், யார் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்தார்கள் என்று காட்டிக்கொடுக்கிறது.

உங்களோடு சேர்ந்து வகுப்பில் பத்துப் பேர். மற்ற ஒன்பது பேரின் திட்ட விலக்கமும் 0.10 கிராமுக்கும் 0.13 கிராமுக்கும் நடுவில் இருக்கிறது. உங்களுடையது 0.031. இது மூட்டையில் வாங்கிய மலிவு மிட்டாய். ஒன்று பருமன், ஒன்று ஒல்லி, ஒன்றின் ஓரம் உதிர்ந்திருக்கும். சிதறுவதுதான் அதன் குணம். உங்கள் முப்பது மட்டும் அரசாங்க நாணயச் சாலையில் வார்த்த சில்லறைக் காசு மாதிரி வரிசையாக நிற்கிறது. பத்து லட்சம் வகுப்புகள் நடத்தினாலும் ஒரு தடவைகூட வராத முப்பது இது.

முகுந்தனின் முப்பதில் இருபத்தாறுதான் இருந்தது. நான்கைத் தின்றுவிட்டான். ஆய்வகத்தில் எதையும் தின்னக் கூடாது, பெயர் எழுதிய பொருளை எறியக் கூடாது என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறேன். அவனுக்கு மூன்றும் தெரியாது போல. ஆனால் அவனுடைய இருபத்தாறு உண்மையான இருபத்தாறு. முட்டாள்தனத்துக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். பொய்க்கு மதிப்பெண்ணே கிடையாது. உங்களுக்கு இருபதுக்குப் பூஜ்யம்.

நீங்கள் வேலை செய்யும் கையுறைக் கம்பெனியின் பழக்கத்தில் குறிப்பேட்டின் ஓரங்களிலும் ஏதேதோ எழுதியிருக்கிறீர்கள். கேட்காததை எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன் என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். சிவப்பில் அடித்திருக்கிறேன். பூஜ்யத்திலிருந்து அரையைக் கழிக்க முடியாது என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

தரவைப் புனைந்ததாக உங்கள்மேல் இன்று பதிவாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை நாம் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசக் கூடாது. எதுவானாலும் கடிதம், அலுவலகம் வழியாக, நகல் ஒன்று கோப்புக்கு. புகார் ஆங்கிலத்தில் தனியாக வரும். இதைத் தமிழில் எழுதுவது, பிறகு எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக. பதிவாளருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நீங்கள் ஒப்புக்கொள்வதாக இருந்தால் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்ளலாம்.

கௌசிகன்
ஆய்வகப் பயிற்றுநர்

*

கிள்ளான்
7 மார்ச் 2025

சார்,

உங்க கடிதம் கிடைச்சது. நல்ல தமிழ். பாடப்புத்தகத்தை முழுங்கின மாதிரி இருக்கு. வார இறுதி வகுப்புக்குப் போய்ப் படிச்ச தமிழ்னு தெரியுது. நான் தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் படிச்சவ. எனக்குப் புரியும், கவலைப்படாதீங்க.

முதல்ல ஒரு விஷயம். எனக்கு முப்பத்திரண்டு வயசு. உங்களுக்கு இருபத்தாறோ என்னவோ. மேருவுல எங்க கையுறை பெக்டரியில என்னைவிட வயசு குறைஞ்சவங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, சூப்பர்வைசர் உட்பட. நீங்க பாஸ்போர்ட் ஆபீஸ்ல கூப்பிடுற மாதிரி குமுதான்னு எழுதியிருக்கீங்க. பரவாயில்ல. நான் சார்னு எழுதுறது உங்களுக்குக் கொடுக்கிற மரியாதை இல்ல, அந்தத் தராசுக்குக் கொடுக்கிறது.

நான் ஒன்பது வருஷமா எடை போடுறேன். கையுறை ஒண்ணு மூணரை கிராம். ஒரு ஷிப்டுக்கு இருநூறு. நீங்க காலேஜ்ல படிச்ச காலத்துல எத்தனை நிறுத்தீங்களோ, நான் ஒரு வாரத்துல அதைத் தாண்டியிருப்பேன். உங்க லேப்ல தராசை எங்க வச்சிருக்காங்கன்னு பார்த்தீங்களா? ஏர்கானுக்கு நேர் கீழ, குளிர்காத்து தராசு மேலயே அடிக்குது! எங்க பெக்டரியில அப்படி வச்சா அன்னைக்கே மெமோ வரும். மத்தவங்க கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, வேர்வைக் கையால மிட்டாயைத் தூக்கிப் போட்டு, நம்பர் ஆடிக்கிட்டு இருக்கும்போதே எழுதினாங்க. அந்த முகுந்தன் பையன் விரலை நக்கிட்டு அடுத்ததை எடுத்தான்.

நான் என்ன செஞ்சேன்னு வரிசையா சொல்றேன். எங்க வேலையில எப்படிச் செய்வோமோ அப்படித்தான். மேசையைத் துடைச்சேன். கழிவு எடுத்தேன். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். இடுக்கியால ஒண்ணு ஒண்ணா வச்சேன். கதவை மூடினேன். நம்பர் நிக்கிறவரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். எழுதினேன். முப்பது தடவை. நாற்பது நிமிஷம். அதான் சுத்தமா வந்திருக்கு. சுத்தமா வந்தா பொய்யா? அப்ப அழுக்கா வந்தாத்தான் உண்மையா? நல்லா இருக்கு உங்க படிப்பு.

அந்த நாற்பது நிமிஷத்துல நீங்க சன்னல் பக்கம் நின்னு போன் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. ஒரு தடவைகூட என் மேசைக்கு வரல. அதையும் ஒரு ரீடிங்னு குறிச்சு வச்சுக்குங்க.

ஒரே ஒரு கேள்வி. நீங்க என்னைக்காவது அந்த ஜாடியிலேர்ந்து முப்பது எடுத்து நிறுத்திருக்கீங்களா? நிறுத்திருந்தா அந்த நோட்டை எனக்குக் காட்டுங்க. இல்லைனா, எதை வச்சு சார் என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க?

நகல் கோப்புக்குப் போகட்டும். எனக்கு வெட்கமே இல்ல.

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
10 மார்ச் 2025

குமுதா அவர்களுக்கு,

கேட்டீர்கள், நிறுத்தேன். மார்ச் 8, சனிக்கிழமை, வகுப்பு முடிந்து பிற்பகல் 1.05 முதல் 3.40 வரை. முப்பது அல்ல, முந்நூறு. அதே ஜாடி, அதே தராசு. கரண்டியால் அள்ளி, வந்ததை வந்தபடி. அதற்கு முன் நான் நிறுத்ததில்லை என்பது உண்மை. தேவைப்படவில்லை. நீந்தத் தெரியாதவன் மூழ்குவதைப் பார்க்கக் குளத்தில் குதிக்க வேண்டியதில்லை.

சராசரி 2.69 கிராம். திட்ட விலக்கம் 0.114. மற்ற ஒன்பது பேர் சொன்னதைத்தான் என் முந்நூறும் சொல்கிறது.

உங்கள் ஏர்கான் கதையையும் விட்டுவைக்கவில்லை. ஒரே மிட்டாயைக் கதவு திறந்து பத்து முறை, கதவு மூடிப் பத்து முறை நிறுத்தேன். வேறுபாடு மூன்றாவது தசமத்தில். 0.002, அதிகம் போனால் 0.003. விரல் வேர்வைக்கும் அவ்வளவுதான். கதவை மூடுவதால் உங்கள் அளவீடு சுத்தமாகும். மிட்டாய் சுத்தமாகாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒன்பது வருடம் ஒரு தராசின் முன்னால் எப்படி நின்றீர்கள் என்பது எனக்கு ஆச்சரியம். தராசை எவ்வளவு பக்தியோடு கும்பிட்டாலும், பருமனான மிட்டாய் பருமனாகத்தான் இருக்கும், உதிர்ந்த மிட்டாய் உதிர்ந்துதான் இருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் சராசரி 2.742. அதுவும் கூடுதல். அதாவது உங்கள் பொய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. எண்களைக் கற்பனை செய்தபோது நீங்கள் முழு மிட்டாய்களை மட்டுமே கற்பனை செய்திருக்கிறீர்கள். உங்கள் கற்பனையில் உடைந்த மிட்டாய் ஒன்றுகூட இல்லை. பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உலகம் இவ்வளவு அழகாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், எங்காவது பதில் இருக்கிறதா என்று. வயது இருக்கிறது, வாய் இருக்கிறது, பதில் இல்லை.

நான் போன் பார்த்தது உண்மை. இருபது நிமிடம், நாற்பது அல்ல. அது தனிப் புகாராக வரட்டும், பதில் சொல்கிறேன்.

விசாரணை மார்ச் 20, வியாழன், பிற்பகல் 2.30. உங்கள் படிப்புக்குக் கம்பெனி பொறுப்பேற்றிருப்பதால் அலுவலகம் அவர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. அது நடைமுறை. நான் கேட்டு அனுப்பியது அல்ல.

கௌசிகன்

*

கிள்ளான்
17 மார்ச் 2025

சார்,

நடைமுறை வந்து சேர்ந்துருச்சு. போன வியாழக்கிழமை காலையில ஷிப்ட் ஆரம்பிக்கும்போது பிரவின் என்னைத் தனியா கூப்பிட்டான். எங்க தரப் பிரிவு சூப்பர்வைசர். நான் வேலை பழக்கிவிட்ட பையன்தான், இன்னைக்கு எனக்கு மேல. கையில காலேஜ் கடிதம். என் முகத்தைப் பார்க்க முடியாம சுவத்தைப் பார்த்தே பேசினான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்குப் பேக்கிங் பக்கம் இருங்க லா."

"எத்தனை நாளைக்கு?"

"அங்க முடியிற வரைக்கும்."

"நீ நம்புறியா பிரவின்?"

"நம்பல அக்கா. சத்தியமா நம்பல. ஆனா காகிதம் வந்துருச்சே. காகிதத்துக்குப் பதில் காகிதம்தான் வேணும். ஆடிட்டர் வந்து கேட்டா, எங்க அக்கா ரொம்ப நல்லவங்கன்னு நான் சொன்னா எடுபடுமா?"

அவன் சொல்றது சரி. எங்க வேலையில தரவைப் புனைஞ்சவங்கன்னு ஒரு வார்த்தை வந்தா போதும். நான் கையெழுத்துப் போட்ட தாள் மூணு வருஷத்துது எல்லாத்தையும் வெளிய எடுத்திருக்காங்க. வச்சிருந்த சாம்பிள் கையுறைகளை எடுத்து ரெண்டு பொண்ணுங்க திரும்ப நிறுக்கிறாங்க. நான் பேக்கிங் மேசையில நின்னு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கிட்டே அதைப் பார்க்கிறேன். இதுவரைக்கும் நானூறு ஆச்சாம். ஒண்ணுலகூடத் தப்பு இல்ல. இருக்காது. ஆனா அது பிரச்சினை இல்ல. இருபதாம் தேதி நீங்க சொல்றது நின்னுச்சுன்னா, நான் திரும்பத் தராசுப் பக்கம் போக முடியாது. இங்க மட்டும் இல்ல, காப்பார், மேரு, எந்தக் கையுறைக் கம்பெனியிலயும். இந்த டிப்ளோமா முடிச்சா லேப் அதிகாரி வேலைன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப டேப்.

உங்க கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ரெண்டு நாள் உட்கார்ந்து போட்டேன். நீங்க சொன்னது சரி. கதவால அவ்வளவு வராது. எனக்கே தெரியல ஏன் அப்படி வந்துச்சுன்னு. இதை எழுதறதுக்கு எனக்குப் பயமில்ல. நான் நிறுத்தேன். நம்பர் அப்படி வந்துச்சு. ஏன்னு தெரியாது. தெரியாதுன்னு எழுத உங்களுக்குத் தைரியம் இருக்கா? நீங்க இதுவரை எழுதின ரெண்டு கடிதத்துலயும் எனக்குத் தெரியாதுங்கிற வார்த்தை ஒரு இடத்துலகூட இல்ல.

எங்க பெக்டரியில ஒரு கையுறையைக் கழிக்கணும்னாகூட ரெண்டு பேர் பார்க்கணும். ஒருத்தர் ஓட்டைன்னு சொன்னா, இன்னொருத்தர் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து ஆமான்னு சொல்லணும். அப்புறம்தான் கழிவுக் கிண்ணத்துல போடுவோம். அதுவும் எண்ணி, தேதி போட்டு வைப்போம். தூக்கிப் போடற பொருளுக்கே அவ்வளவு மரியாதை. நீங்க மேசைக்குக்கூட வராம ஒரு ஆளையே கழிச்சுட்டீங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கையுறை நிறுக்கிற வேலை கொடுக்க மாட்டோம் சார். அவ்வளவு நம்ப முடியாது.

இருபதாம் தேதி விசாரணைக்கு நான் வரல. அங்க வந்து ஆங்கிலத்துல அழுதுக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. இனி எழுதவும் மாட்டேன்.

என் வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் தங்கமணி அக்காகிட்ட இருக்கு, லேப்ல பொருள் எடுத்துக் கொடுப்பாங்களே, அவங்கதான். அடுத்து வர்ற யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்க. அப்புறம் மேசைக்குக் கீழ அலமாரியில என் கழிவுக் கிண்ணம் இருக்கும். அன்னைக்கு எடுத்து வச்சது, பதினொண்ணு. நான் வந்து எறியலாம்னு இருந்தேன். இனி வரப் போறதில்ல. அதைக் கொட்டிடச் சொல்லுங்க. இனிப்பு, எறும்பு வரும்.

குமுதா

*

பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச் 2025

குமுதா அக்காவுக்கு,

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, காலை 8.15. பதினொன்று.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாங்கி, படிக்கட்டில் நின்றே படித்தேன். பாதிவரை வழக்கம்போல மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே படித்தேன். கடைசிப் பத்தியில் கிண்ணம் என்று வந்ததும் நிறுத்தினேன். ஆய்வகத்துக்கு ஓடினேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும். ஆனால் ஓடினேன்.

நோன்பு மாதம், கேன்டீன் மூடல். தங்கமணி அக்கா பொருள் அறையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரொட்டியை மறைக்கவில்லை.

"அக்கா, குமுதாவின் கிண்ணம் எங்கே?"

"எந்தக் கிண்ணம்? பேரு எழுதி மூடி வச்சிருக்கே, அதுவா? அங்கதான் இருக்கு."

"இத்தனை நாள் எறியவில்லையா?"

"பேரு எழுதின பொருளை எறியக் கூடாதுன்னு மூணு மொழியில ஒட்டினது யாரு தம்பி? நானா?"

பிளாஸ்டிக் கிண்ணம். உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: குமுதா, கழிவு, 11, 1/3/25. உள்ளே ஓரம் உதிர்ந்தவை, முனை உடைந்தவை, ஒரு பக்கம் சப்பையானவை. எண்ணினேன். பதினொன்று. இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்து, கதவை மூடி, எண் நிற்கும்வரை நின்று நிறுத்தேன். மூச்சையும் அடக்கினேன். அது 0.001கூட மாற்றாது. ஆனாலும் அடக்கினேன்.

பதினொன்றின் சராசரி 2.53. அவற்றை உங்கள் முப்பதோடு சேர்த்தால் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றின் சராசரி 2.685. திட்ட விலக்கம் 0.118. வகுப்பில் மற்றவர்களின் எண்ணுக்கு நடுவில் போய் உட்கார்கிறது. என் முந்நூறுக்குப் பக்கத்திலேயே.

நடந்தது இதுதான். ஜாடியிலிருந்து நாற்பத்தொன்று எடுத்தீர்கள். கையுறையில் ஓட்டை பார்ப்பதுபோலக் கண்ணால் பார்த்தே பதினொன்றைக் கழித்தீர்கள். மீதி முப்பதை நிறுத்தீர்கள். பெக்டரியில் அது சரி. அங்கே நல்ல கையுறை எவ்வளவு எடை என்பது கேள்வி. இங்கே ஜாடி எப்படி இருக்கிறது என்பது கேள்வி. உடைந்ததும் ஜாடிதான். முதலில் நல்லதைப் பொறுக்கிவிட்டுப் பிறகு நிறுத்தால், எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் பதில் தப்பு. இதைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் அந்த மிட்டாய்ப் பாடமே இருக்கிறது. நீங்கள் செய்தது தவறு. பெரிய தவறு. ஆனால் பொய் அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் ஒரு தராசின் முன்னால் நின்றவன் நான்.

இது போதாதென்று உங்கள் குறிப்பேட்டையும் எடுத்தேன். முதல் பக்கம், இடது ஓரம். நான் சிவப்பில் அடித்த வரி. அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது: "கழிவு – 11, தனியாக வைத்திருக்கிறேன்." நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் அதைப் படித்தேன். தேவையில்லாதது என்று அடித்தேன். அடித்துவிட்டு, நீங்கள் புனைந்தீர்கள் என்று புகார் எழுதினேன். ஏழாம் தேதிக் கடிதத்திலும் "கழிவு எடுத்தேன்" என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்ததாகப் பெருமையாக எழுதினேன் அல்லவா? மூன்று தடவையும் பொய்யைத் தேடினேன். அந்த இரண்டு வார்த்தை மேல் கண் நிற்கவில்லை. உங்கள் கற்பனையில் உடைந்த மிட்டாயே இல்லை என்று வேறு எழுதினேன். அவை என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில், சீட்டு ஒட்டிய கிண்ணத்தில் இருந்தன.

நான் மட்டும் என்ன செய்தேன்? ஒத்துவராத ஒரு எண்ணைக் கண்டதும், ஏன் என்று பார்க்காமல், தூக்கி எறிந்தேன். நீங்கள் எறிந்ததையாவது எண்ணி வைத்தீர்கள்.

எனக்குத் தெரியாது என்ற வார்த்தை என் கடிதங்களில் இல்லை என்றீர்கள். சரி. பேக்கிங் மேசையில் நீங்கள் நின்ற நாட்களுக்கு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். இது ஒரு வரியில் முடிகிற வேலை அல்ல. செய்ய முடிகிறதைக் கீழே எழுதுகிறேன்.

1. நாளை காலை 9 மணிக்குப் பதிவாளரிடம் புகாரை எழுத்தில் திரும்பப் பெறுகிறேன். "தவறான புரிதல்" என்று எழுத மாட்டேன். மாணவர் பதிவு செய்திருந்த தகவலைப் பயிற்றுநர் அடித்தார் என்று எழுதுவேன். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தின் நகலை இணைப்பேன்.

2. அங்கிருந்து நேராக மேரு. அதே கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியைப் பிரவின் கையில் கொடுப்பேன். காகிதத்துக்குப் பதில் காகிதம்தான் வேண்டும் என்றாராமே, சரியான ஆள். அவர் வெளியே வரும்வரை காவலர் கொட்டகை பக்கத்தில் நிற்பேன். கடிதத்தின் கடைசி வரி: இவர் கழித்ததைக்கூட எண்ணி, தேதியிட்டு, பெயர் எழுதி வைத்திருந்தார்.

3. வியாழன் 2.30-க்கு விசாரணை அறைக்குப் போவேன், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும். போன் பார்த்த நாற்பது நிமிடத்தையும் சொல்வேன். இருபது என்று எழுதியது பொய். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இதனால் அதைப் புதுப்பிக்காமல் போனாலும் அது உங்கள் கணக்கில் சேராது.

4. உங்கள் மதிப்பெண் இருபதுக்குப் பதினான்கு. பொறுக்கி எடுத்ததற்கு ஆறு குறைத்திருக்கிறேன். குற்ற உணர்ச்சிக்காக நான் மதிப்பெண் போடுவதில்லை. அந்த ஆறும் வேண்டுமானால் மார்ச் 22, சனி, காலை 10.20-க்கு வந்து திரும்பச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் அள்ள வேண்டும்.

5. ஓரத்தில் எழுதியதற்காகக் குறைப்பேன் என்ற அரை மதிப்பெண்ணைக் கூட்டுகிறேன். பதினான்கரை.

6. தராசை ஏர்கானுக்குக் கீழிருந்து நகர்த்துவேன். 0.002 தான். ஆனாலும் நகர்த்துவேன்.

7. கிண்ணத்தைக் கொட்ட மாட்டேன். மூடியை இறுக்கிவிட்டேன், எறும்பு வராது. எண்ணிக்கை: பதினொன்று. இரண்டு பேர் பார்த்தோம், நானும் தங்கமணி அக்காவும்.

கௌசிகன்